பூட்டும் நானே, சாவியும் நானே

இரவு பதினொன்று நாற்பது. வீடியோ செயலியின் சின்னம் சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கிறது. இன்றைக்கென்று எனக்கு நானே அளந்துவைத்த நாற்பது நிமிடம் தீர்ந்துவிட்டது. தொட்டுப் பார்த்தால், செயலி நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு சின்னப் பெட்டி வரும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். ஆனால் கட்டைவிரல் அதற்குள் செட்டிங்ஸுக்குப் போய், டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து, டைமரை அழித்துவிடும். ஒருநாள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஏழு வரைக்கும்கூட வரவில்லை.

அந்த டைமரை வைத்ததும் நான்தான். காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து, நேற்று மூன்று மணி நேரம் போனில் போயிருக்கிறதே என்று நொந்துபோய், தெளிந்த புத்தியோடு வைத்தேன். ராத்திரி வருகிறவனுக்கு அந்த நொம்பலமெல்லாம் தெரியாது. பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தால் பூனையைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

இந்தச் சிக்கலை நம் வீட்டுப் பெண்கள் போன் வருவதற்கு முன்பே தீர்த்து வைத்திருக்கிறார்கள். என் அத்தை மாதாமாதம் சீட்டுக் கட்டுவார். படித்த திமிரில் ஒருமுறை கேட்டேன், "ஏன் அத்தை, பேங்க்ல போட்டா வட்டியாவது வருமே?" அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பேங்க்ல போட்டா நான் எடுத்துருவேன்டா." நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது என்பதற்காகவே அவர் சீட்டில் போட்டார். மண் உண்டியலும் அப்படித்தான். காசு போட ஒரு கீறல் இருக்கும், எடுக்க வழி இருக்காது. எடுத்தே ஆகவேண்டும் என்றால் உடைக்கவேண்டும். உடைத்தால் வீட்டில் எல்லாருக்கும் சத்தம் கேட்கும்.

போனில் நாம் வைக்கிற நேர வரம்பு, பின்பக்கம் மூடி வைத்த பிளாஸ்டிக் உண்டியல். திருகினால் திறந்துகொள்ளும். அந்த மூடியை எப்படித் திறக்க முடியாமல் ஒட்டிவிடுவது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் போன்களில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 2018இல் இரண்டு பெரிய நிறுவனங்களும் ஒரே வருடத்தில் இந்த வசதியைக் கொண்டுவந்தன. ஆண்ட்ராய்டு 9 வந்த சமயத்தில் கூகுள் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் தந்தது. ஐஓஎஸ் 12 வழியாக ஆப்பிள் ஸ்கிரீன் டைமைத் தந்தது. இரண்டிலும் ஒவ்வொரு செயலிக்கும் ஒருநாளைக்கு இவ்வளவு நேரம் என்று வரம்பு வைக்கலாம். நள்ளிரவில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். (பதினொன்று ஐம்பதுக்கு வரம்பு முடிந்து, பத்து நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்து, பன்னிரண்டு அடித்ததும் எடுத்தவனும் நான்தான். இதைப் படிக்கும் வேறு சிலரும் இருப்பீர்கள்.)

ஆண்ட்ராய்டு டைமருக்குக் கடவுச்சொல் கிடையாது. வைத்தவரே எடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும். ஐபோனில் வரம்பு முடிந்தால் மணற்கடிகாரப் படத்தோடு ஒரு வெள்ளைத் திரை வரும். அதிலேயே, வரம்பைப் பொருட்படுத்தாதே என்று ஒரு பொத்தானும் இருக்கும். அதைத் தொட்டால் மூன்று வழி: இன்னும் ஒரு நிமிடம், பதினைந்து நிமிடம் கழித்து நினைவுபடுத்து, இன்றைக்கு முழுக்க விட்டுவிடு. டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லிவிட்டு, மேஜையில் லட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனது மாதிரி.

நமக்கு நாமே சாவி வைத்துக்கொள்ளும் பூட்டு எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஓர் அளவு அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. 2023 மார்ச்சில் டிக்டாக், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒருநாளைக்கு அறுபது நிமிட வரம்பு தானாகவே வரும் என்று அறிவித்தது. அறுபது முடிந்தால் ஒரு கடவு எண்ணைப் போட்டுவிட்டுத் தொடரலாம். பதின்மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைகள் அந்த எண்ணைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பிற்பாடு கென்டக்கி மாநில அரசு தொடுத்த வழக்கின் ஆவணங்கள் 2024 அக்டோபரில் வெளியே வந்தபோது, இந்தக் கருவியைச் சோதித்துப் பார்த்ததில் பிள்ளைகள் செலவழித்த நேரம் சராசரியாக 108.5 நிமிடத்திலிருந்து 107 நிமிடமாகக் குறைந்தது என்று இருந்தது. ஒன்றரை நிமிடம். ஒரு வீடியோ குறைந்திருக்கும்.

ஆகவே பூட்டு எவ்வளவு பெரியது என்று பார்த்துப் பயனில்லை. சாவி யாரிடம் இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, கைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்கவேண்டும்.

யாரிடம் என்பதிலிருந்து தொடங்குவோம். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. செட்டிங்ஸில் ஸ்கிரீன் டைமுக்குள் போனால், அதன் அமைப்புகளைப் பூட்டுவதற்கென்று தனியாக நான்கு இலக்க எண் வைக்கலாம். போனைத் திறக்கிற எண் வேறு, இது வேறு. போனை மனைவியிடமோ நண்பரிடமோ கொடுத்து, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவர் எண்ணைப் போடவேண்டும். பலரும் இதோடு நிறுத்திவிட்டு, பூட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது. வரம்பு வைக்கும் பக்கத்தில், நேரம் முடிந்ததும் தடு என்ற பொருளில் 'பிளாக் அட் எண்ட் ஆஃப் லிமிட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். எண் வைத்த பிறகுதான் அது கண்ணில் படும். அது அணைந்திருந்தால் பழையபடி லட்டுத் தட்டுதான். அதைப் போட்டுவிட்டால், கூடுதல் நேரத்துக்கு அந்த எண் வேண்டும். அப்போதும் ஒரே ஒரு நிமிடம் மட்டும் தரும். பாதி எழுதிய செய்தியை முடிக்க அது போதும்.

எண் வைக்கும்போது, மறந்துபோனால் மீட்பதற்கு ஆப்பிள் கணக்கைக் கேட்கும். அங்கே உங்கள் கணக்கைக் கொடுத்தால் மாற்றுச்சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது என்று பொருள். கொடுக்காமல் தாண்டிவிடலாம், ஆனால் எண் தொலைந்துபோனால் போனை முழுவதும் அழிக்க வேண்டிய நிலைகூட வரலாம். அதனால் சாவி வைத்திருப்பவர் எண்ணைத் தாளில் எழுதிப் பத்திரமாக வைக்கவேண்டும். மனசில் இருக்கிறது என்று சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

ஆண்ட்ராய்டில் டைமருக்கு எண் இல்லாததால், அந்த வசதி தரும் தனிச் செயலி ஒன்றைப் போட வேண்டியிருக்கிறது. நான் அப்படி ஒன்றைப் போட்டு, சாவியைத் திண்டுக்கல்லில் இருக்கும் தங்கையிடம் கொடுத்தேன். அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நாலு எண்ணைப் போட்டுவிட்டு, என் போனைத் திருப்பித் தந்தாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி வரைக்கும் தாக்குப்பிடித்தேன். பிறகு ஊகிக்க ஆரம்பித்தேன். அவள் வண்டி எண், இல்லை. கல்யாண வருடம், இல்லை. அவள் மகன் பிறந்த தேதி, திறந்துகொண்டது. மூன்றே முயற்சி.

இதை அவளிடம் சொல்லாமல் ஒரு வாரம் ஓட்டினேன். அப்புறம் மனசு கேட்காமல் சொன்னேன். சிரித்துவிட்டு வேறு எண் போட்டாள். இந்தமுறை ஊகிக்க முடியவில்லை. ஒருநாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு போன் செய்தேன்.

"என்னண்ணே, இந்நேரத்துல? அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த நம்பரு..."

"எதுக்கு?"

எதுக்கு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஐம்பது வயதை நெருங்குகிறவன், யாரோ ஒருவர் பரோட்டா வீசுகிற வீடியோவின் அடுத்த பாகம் பார்க்கவேண்டும் என்று தங்கையிடம் எப்படிச் சொல்வது? "சும்மா, நாளைக்குக் கேக்குறேன்" என்று வைத்துவிட்டேன். நாளைக்கும் கேட்கவில்லை. எண் தெரியாதது ஒரு தடை என்றால், காரணம் சொல்லவேண்டியது அதைவிடப் பெரிய தடை. உண்டியல் உடைகிற சத்தம் அதுதான்.

சாவி வைத்திருக்க ஆள் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். வீட்டு ஆட்களிடம் கொடுத்தால் அதுவே தினசரிச் சண்டைக்குக் காரணமாகிவிடும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள், அந்த அச்சம் நியாயம்தான். அவர்களுக்குத் தூரம் உதவும். தனிச் செயலி என்றால், கண்ணை மூடிக்கொண்டு தாளில் எட்டு இலக்கம் கிறுக்கி, அதைப் பார்த்துப் பார்த்துப் போட்டு, அந்தத் தாளை அலுவலக மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு வாருங்கள். ராத்திரிக்குப் பூட்டு நிற்கும். நாலு இலக்கம் வேண்டாம், இரண்டு தடவை போட்டால் மனப்பாடம் ஆகிவிடும். பரணில் வைப்பதும் ஒரு வழி. ஸ்டூல் போட்டு ஏறி, பித்தளைக் குடத்தை நகர்த்தி, தூசி தட்டி எடுப்பதற்குள் பாதி ஆசை இறங்கிவிடும். இதே யோசனையில் வெளிநாட்டில் 'பிரிக்' என்று ஒரு சின்னப் பெட்டியும் விற்கிறார்கள். போனை அதில் தொட்டால் செயலிகள் பூட்டிக்கொள்ளும், திறக்க அதே பெட்டியை வந்து தொடவேண்டும். பெட்டியை வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வெளியே போனால் திரும்பி வரும்வரை பூட்டுதான். பரணின் நவீன வடிவம், விலை மட்டும் கூடுதல்.

மூன்றாவது, நேரம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஹன்ட் ஆல்காட், மாத்யூ ஜென்ட்ஸ்கோ, லீனா சாங் மூவரும் சுமார் 2,000 ஆண்ட்ராய்டுக்காரர்களை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2022இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவில் வந்தது. அவர்களே எழுதிய செயலியில் ஆளாளுக்கு வரம்பு வைத்துக்கொள்ளலாம். ஆனால் வரம்பை மாற்றினால் அது நாளையிலிருந்துதான் நடப்புக்கு வரும். வரம்பு வைக்கச் சொல்லி யாரும் காசு கொடுக்கவில்லை, கட்டாயப்படுத்தவும் இல்லை. அப்படியும் சமூக வலைத்தளம், பிரவுசர், யூடியூப் போன்றவற்றில் போகும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 22 நிமிடம், அதாவது 16 சதவீதம், பன்னிரண்டு வாரமும் குறைந்து நின்றது. சமூக வலைத்தளப் பயன்பாட்டில் 31 சதவீதத்துக்குக் காரணம் தன்னடக்கக் குறைபாடு என்பது அவர்கள் போட்ட கணக்கு. டிக்டாக்கின் ஒன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில் இந்த 22ஐ வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு சோதனை, நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியல்ல. ஆனாலும் நாளைக்குத்தான் என்ற ஒரு சொல்லில் நிறைய இருக்கிறது. ராத்திரிக்காரன் மனு கொடுக்கலாம், காலைக்காரன்தான் கையெழுத்துப் போடுவான்.

ஒரு நாள் வேண்டாம், சில விநாடித் தாமதமே வேலை செய்கிறது. 'ஒன் செக்' என்ற செயலி, நீங்கள் அடிமையாகிவிட்ட செயலியைத் தொட்டதும் அதைத் திறக்காமல், ஒரு மூச்சு இழுத்து விடச் சொல்லும். அப்புறம், இன்னும் திறக்கவேண்டுமா என்று கேட்கும். மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் இதை உருவாக்கியவரோடு சேர்ந்து 280 பேரிடம் பார்த்ததை 2023இல் வெளியிட்டார்கள். திறக்க முயன்ற தடவைகளில் 36 சதவீதம், வேண்டாம் என்று மூடிவிட்டார்கள். ஆறு வாரத்தில், திறக்க முயல்வதே 37 சதவீதம் குறைந்தது. நாம் தேடிப்போய்ப் போனை எடுப்பதைவிட, கை தானாக எடுப்பது அதிகம் என்பதால் இது பலிக்கிறது. கை எடுத்ததைப் புத்தி கவனிக்கச் சில விநாடி வேண்டும், அவ்வளவுதான்.

இனி, ஓட்டைகள். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கொல்லைக்கதவு திறந்திருந்தால் என்ன செய்வது?

முதல் கொல்லைக்கதவு பிரவுசர். செயலியைப் பூட்டினால் அதே தளத்தைக் குரோமில் திறக்கலாம், கட்டைவிரல் இரண்டே நாளில் இதைக் கண்டுபிடித்துவிடும். ஐபோனில் இணையதள முகவரியையும் வரம்புக்குள் சேர்க்கலாம், தனிச் செயலிகளிலும் அந்த வசதி பெரும்பாலும் உண்டு. அதற்கும் சோம்பல் என்றால், பிரவுசரில் அந்தத் தளத்திலிருந்து வெளியேறிவிட்டு, கடவுச்சொல்லை இருபத்தைந்து எழுத்துக்கு மாற்றி, சேமித்து வைக்காமல் விடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதை அடிக்கிற எரிச்சலே காவல்.

இரண்டாவது, பூட்டுகிற செயலியையே கழற்றிவிடுவது. பல செயலிகளில் கண்டிப்பு நிலை என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டால், குறித்த நேரம்வரை செயலியை நீக்கவோ அதன் அமைப்பை மாற்றவோ விடாது. ஐபோனில் இதை போனே செய்யும், செயலிகளை நீக்குவதையும் நிறுவுவதையும் ஸ்கிரீன் டைம் எண்ணுக்குக் கீழே கொண்டுவரலாம். ஆண்ட்ராய்டில் இந்தக் கண்டிப்புக்காகப் பெரும்பாலும் 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதி கேட்பார்கள். இங்கே கொஞ்சம் நிதானிக்கவேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் மற்ற மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவ ஏற்பட்ட அனுமதி அது. திரையில் இருப்பதைப் படிக்கவும், உங்களுக்குப் பதில் பொத்தானை அழுத்தவும் அதனால் முடியும். வங்கிச் செயலியும் அதே திரையில்தான் திறக்கிறது. ரீல்ஸைக் குறைக்கப்போய் அக்கவுண்டைக் காலி செய்துகொள்ள வேண்டாம். பிளே ஸ்டோரில் நெடுநாளாக இருக்கும், பலரும் பயன்படுத்தும் செயலியை மட்டும் போடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பைத் தொடவே தொடாதீர்கள்.

இன்னொரு தொல்லை, சில போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காகப் பின்னணியில் ஓடும் செயலிகளை அடித்து நிறுத்திவிடும். காவல்காரரையே தூங்கவைத்த மாதிரி. செட்டிங்ஸில் பூட்டுகிற செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டால் சரியாகும்.

மூன்றாவது ஓட்டைக்கு மருந்து இல்லை. ஒன்றை அடைத்தால் தண்ணீர் இன்னொன்றின் வழியே வரும். ஒரு நாடே இதைப் பார்த்தது. 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலில் இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. அதுபோல நான் வீடியோவைப் பூட்டிய வாரத்தில் கிரிக்கெட் ஸ்கோர் செயலியில் இரண்டு மணி நேரம் இருந்திருக்கிறேன், அதுவும் இந்தியா ஆடாத ஆட்டம். அதனால் வரம்பு வைத்த பத்தாவது நாள் ஒருமுறை, எந்தச் செயலி புதிதாக ஊதியிருக்கிறது என்று கணக்குப் பக்கத்தைப் பார்க்கவேண்டும்.

எதைப் பூட்டக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போனையே அலமாரியில் வைத்துப் பூட்டு என்று சொல்கிற அறிவுரை நம் ஊருக்கு ஒத்துவராது. பால்காரருக்குப் பணம், கேஸ் சிலிண்டர், ஓடிபி, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு, ஆட்டோ எல்லாம் அதில்தான். இவற்றில் ஒன்று ஒருநாள் மாட்டிக்கொண்டால் போதும், கோபத்தில் முழுப் பூட்டையும் பிடுங்கி எறிந்துவிடுவீர்கள். எனக்கு நடந்தது அதுதான். ஆர்வக்கோளாறில் மேப்பையும் சேர்த்துப் பூட்டிவைத்து, தெரியாத ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தைத் தேடி, தங்கையும் போனை எடுக்காததால், பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே பூட்டுகிற செயலியையே கழற்றிவிட்டேன். மறுபடி போட இரண்டு மாதம் ஆனது. சுவர் ரொம்ப உயரமாக இருந்தால் ஆள் ஏறிக் குதிக்கமாட்டான், இடித்துவிடுவான். உங்களைத் தின்கிற இரண்டு மூன்று செயலிகளை மட்டும் பூட்டினால் போதும்.

குழந்தைகள் விஷயம் வேறு. அங்கே சாவி பெற்றோரிடம் இருப்பது இயல்பு, கூகுளின் ஃபேமிலி லிங்க் அதற்காகவே இருக்கிறது. ஆனால் மகனின் போனில் எண் போட்டுவிட்டு அப்பா சோபாவில் சாய்ந்து ஷார்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால், மகன் முதலில் ஊகிக்கப்போவது அந்த எண்ணைத்தான்.

இப்போது என் ஏற்பாடு இது: வீடியோ செயலிக்கு நாற்பது நிமிடம், பத்தரை மணிக்கு மேல் அதுவும் இல்லை. திறக்க எட்டு இலக்கம், தாள் அலுவலகத்தில். படுக்கையறையில் அறுநூறு ரூபாய்க்கு வாங்கிய அலாரக் கடிகாரம் டிக் டிக் என்கிறது, போன் ஹாலில் சார்ஜில் கிடக்கிறது. மாதத்தில் இரண்டு மூன்று நாள் எப்படியும் வழி கண்டுபிடித்துவிடுகிறேன்.

போன வாரம் தங்கை வந்திருந்தாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே தன் போனை நீட்டினாள். "எனக்கும் ஒரு நம்பர் போட்டு விடுண்ணே. சீரியல் பாத்துப் பாத்தே பன்னண்டு மணி ஆயிருது." வாங்கிக்கொண்டு திரும்பி நின்று போட்டேன். என் மகள் பிறந்த தேதியைப் போடவில்லை.